கரைதட்டிய கப்பலும் கற்பனைக் கப்பலும்

தமிழனிடம் கப்பலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு இப்பால் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டான். 1025ஆம் வருஷம் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பினானே, அந்தக் கப்பலில் ஏறி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இறங்குகிற வழக்கமே கிடையாது. அந்தக் கப்பலுக்கு எத்தனை தளம், எத்தனை பாய், முகப்பில் செதுக்கியிருந்தது அன்னமா யாளியா, இளவரசி நின்று நிலா பார்த்த சாளரம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். பாடம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு விடாதீர்கள். வாரப் பத்திரிகையின் தொடர்கதையும், அதற்கு ஓவியர் வரைந்த வண்ணப் படமும்தான் பள்ளிக்கூடம்.

சோழன் கப்பல் அனுப்பியது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. மெய்க்கீர்த்தி சொல்கிறது, சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மெய்க்கீர்த்தி, கப்பல்கள் போன செய்தியை ஒரு வரியில் முடித்துவிட்டு, ஜெயித்த ஊர்களின் பட்டியலுக்குப் போய்விடுகிறது. கப்பலின் நீள அகலம் அதில் இல்லை. முகப்பு அன்னம் இல்லை. இளவரசி நிச்சயமாக இல்லை. அந்தக் கடற்படையின் ஒரு கப்பலிலிருந்து ஒரு பலகை, ஓர் ஆணி இன்றுவரை நம் கைக்கு வந்து சேரவில்லை. ஆகவே, நமக்கு ஒன்றுமே தெரியாத கப்பலைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும். இது ஒரு பக்கம்.

மறு பக்கத்தைச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போய், அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் வீராம்பட்டினம். மீனவர் ஊர். அகலமான மணற்கரை. கரையில் படகுகளும் வலைகளும். வலை பின்னுகிறவர்கள் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்கள். இந்தக் கரையில், அல்லது இதற்கு அக்கம்பக்கத்து மணலில்தான், 1761ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, ஐம்பது பீரங்கிகளைச் சுமந்த ஒரு பெரிய மரக்கப்பல் ஏறி உடைந்தது. அதன் பெயர் 'நியூகாஸில்'. அது எந்த வருஷம், எந்தத் துறைமுகத்தில் நீரில் இறங்கியது, எந்தெந்த யுத்தத்தில் எந்தக் கேப்டனின் கீழ் நின்றது, எந்த இரவில் முடிந்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. நமக்கு எல்லாம் தெரிந்துகொள்ளக்கூடிய அந்தக் கப்பலைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது.

இந்த விசித்திரத்தைப் பற்றித்தான் சண்டை போடப் போகிறேன்.

முதலில் கப்பலின் ஜாதகத்தைச் சொல்லிவிடுகிறேன். 'நியூகாஸில்' 1750இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நீரில் விடப்பட்டது. இரண்டு பீரங்கித் தளங்கள். கனத்த பீரங்கிகள் கீழ்த்தளத்தில், இலேசானவை மேலே. கனத்தை மேலே வைத்தால் காற்றில் கவிழ்ந்துவிடும் என்ற கணக்கு. முந்நூறு பேருக்கு மேல் அதில் தின்று, தூங்கி, வியாதியில் விழுந்து, யுத்தம் செய்தார்கள். உடம்பெல்லாம் ஓக் மரம். ஓக் மரத்துக்கு நம் கடலில் ஒரு சத்ரு உண்டு. வெதுவெதுப்பான நீரில் பெருகுகிற கப்பல் புழு. வைரம் பாய்ந்த மரத்தையும் அது சல்லடையாக்கிவிடும். கப்பலின் அடிப்பக்கத்துக்குச் செப்புத் தகடு அடித்துப் புழுவைத் தடுக்கும் பரீட்சையை ஆங்கிலேயர் முதல் முதல் செய்து பார்த்ததே 1761இல்தான். 'நியூகாஸில்' அதற்குக் காத்திருக்கவில்லை.

இந்தக் கப்பல் நம் கடலுக்கு எதற்கு வந்தது? வியாபாரம் செய்ய வந்த இரண்டு கம்பெனிகள் ராஜ்யத்துக்கு அடித்துக்கொண்டபோது, ஒரு பக்கத்துக்குத் துணையாக வந்தது. 1758 ஏப்ரலில் கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி தாஷேயோடு நடந்த யுத்தத்தில் இருந்தது. அந்தச் சண்டையில் ஒழுங்காக முன்னேறவில்லை என்று மூன்று கேப்டன்களை அட்மிரல் போகாக் விசாரணையில் நிறுத்தினார். 'நியூகாஸில்' கப்பலின் கேப்டன் லெக் அதில் ஒருவர்; பதவியே போயிற்று. மறு வருஷம், 1759 செப்டம்பர் 10ஆம் தேதி, அதே தாஷேயோடு மறுபடி சண்டை. இந்தத் தடவை கேப்டன் மிச்சி பின்வாங்கவில்லை. அந்தக் கப்பலிலேயே குண்டுபட்டுச் செத்தார். ஒருவர் முன்னே போகாததற்கு மானம் இழந்தார். அடுத்தவர் முன்னே போனதற்கு உயிர் இழந்தார். தாஷே அந்தச் சண்டைக்குப் பிறகு இந்தக் கரையை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. புதுச்சேரிக்குக் கடல் வழியாக உதவி வரும் பாதை அடைபட்டது.

1760இல் தரையில் ஐர் கூட்டின் சேனை. கடலில் அட்மிரல் ஸ்டீவன்ஸின் கப்பல்கள். நடுவில் புதுச்சேரி. உள்ளே கவர்னர் லாலி.

இந்த இடத்தில் நம்முடைய கதாசிரியர்கள் ஒரு பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். "வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்ட கதை, நமக்கு என்ன?" என்பார்கள். நமக்கு என்ன என்பதை இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

கப்பல் முற்றுகை என்றால் பீரங்கிப் புகையும் வீர முழக்கமும் என்று நினைத்துக்கொள்கிறோம். முற்றுகையில் கப்பல் செய்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். சும்மா நிற்பது. அரிசி மூட்டை ஊருக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு நிற்பது. 'நியூகாஸில்' போன்ற கப்பல்கள் புதுச்சேரிக்கு எதிரே நின்ற மாதங்களில் ஊரை அடித்தது குண்டு மட்டும் அல்ல, பசி. பசி வந்தவுடன் லாலி என்ன செய்தார்? 1760 நவம்பர் கடைசியில், ஊரில் மிச்சமிருந்த நம்மவர்களில் ஆயிரத்து நானூறு பேரை, ஆண், பெண், குழந்தை, கிழம் என்று பாராமல் கோட்டைக்கு வெளியே துரத்தினார். சாப்பாட்டுக்கு வாய் குறையவேண்டும் என்பது கணக்கு. வெளியே இருந்த கூட், "இவர்களை வெளியே விட்டால் உள்ளே இருக்கிறவர்களுக்கு அரிசி மிஞ்சும்" என்று எதிர்க் கணக்குப் போட்டு வழி மறித்தார். ஒரு பக்கம் பிரெஞ்சுத் துப்பாக்கி. ஒரு பக்கம் ஆங்கிலத் துப்பாக்கி. நடுவெளியில் எட்டு நாள் அந்த ஜனங்கள் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு கிடந்தார்கள். அதற்குப் பிறகுதான் கூட் மனம் இளகி வழிவிட்டார்.

வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொண்ட கதையா இது? அடித்துக்கொண்டவர்கள் அவர்கள். நடுவே கிடந்தவர்கள் யார்? அந்த எட்டு நாளுக்கும் கடலில் நின்ற கப்பலுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லுகிறவர்கள், கப்பலைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள்.

அப்புறம் புயல்.

வடகிழக்குப் பருவக் காற்றில் இந்தக் கரையோரம் நிற்கக் கூடாது என்பது கப்பல்காரர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. புதுச்சேரிக்கு மறைவான துறைமுகம் அன்று கிடையாது. ஆழம் போதாமல் பெரிய கப்பல் தூரத்தில் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நிற்கும். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்துவிட்டு அதன் எதிரே நின்ற லபூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பல்களைப் புயல் அடித்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர் போயிற்று. 1749 ஏப்ரலில் ஆங்கிலேயரின் முறை. அட்மிரல் பாஸ்கவனின் கொடிக்கப்பல் 'நமூர்' தேவனாம்பட்டினம் பக்கத்தில் மூழ்கி ஐந்நூற்றிருபது பேர் செத்தார்கள்; அதே புயலில் 'பெம்புரோக்' கப்பலில் முந்நூற்று முப்பது பேர். அட்மிரல் கரையில் இருந்ததால் பிழைத்தார். இத்தனையும் தெரிந்தும் 1760 டிசம்பரில் கப்பல்கள் நகரவில்லை. நகர்ந்தால் அரிசி உள்ளே போய்விடுமே!

டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரி வடமேற்கிலிருந்து காற்று எழும்பியது. அட்மிரல் ஸ்டீவன்ஸ் தம்முடைய 'நார்போக்' கப்பலின் நங்கூர வடத்தை வெட்டிவிட்டு நடுக்கடலுக்கு ஓடினார். மற்றவர்களும் வெட்டிக்கொண்டு ஓடி வரட்டும் என்று பீரங்கி வெடித்து அடையாளம் காட்டினார். புயல் இரைச்சலில் பீரங்கிச் சத்தம் யார் காதில் விழும்? உத்தரவு வராமல் இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது கப்பற்படையின் சட்டம். மற்றக் கப்பல்கள் சட்டப்படி நின்றன, வடம் தானாக அறுகிற வரைக்கும். பிறகு காற்று சற்று ஓய்ந்தது. நம் கடற்கரையில் பிறந்த சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான், புயலில் அந்த ஓய்வு எதற்கு அடையாளம் என்று. எதிர்த் திசையிலிருந்து, தென்கிழக்கிலிருந்து, காற்று பாய்ந்தது.

'தூக் தாக்கித்தேன்', 'சண்டர்லாந்து', சரக்குக் கப்பல் 'டியூக்' மூன்றும் மூழ்கின. இதில் முதல் கப்பலின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. அது பிரெஞ்சுக் கம்பெனிக்காக லோரியான் ஊரில் கட்டிய கப்பல். 1757இல் 'ஈகிள்', 'மெட்வே' என்ற இரண்டு ஆங்கிலக் கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டு போயின. ஆங்கிலேயர் அதற்குத் தங்கள் கொடியைக் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரன் கட்டிய கப்பல், பிரெஞ்சு ஊரைப் பட்டினி போட வந்து, அந்த ஊருக்கு எதிரிலேயே முழுகியது. அதைப் பிடித்த 'மெட்வே'யும் அதே இரவில் அங்கேதான் இருந்தது. பாய்மரம் முறிந்து, உயிர் மட்டும் தப்பியது. நான் இப்படி ஒரு நாவல் எழுதினால், "ஐயா, நம்பும்படி எழுதக் கூடாதா?" என்று நீங்கள் கடிதம் போடுவீர்கள்.

'நியூகாஸில்', 'குவீன்பரோ', எதிரிக் கப்பல்மேல் நெருப்போடு ஏவி விடுவதற்கென்று வைத்திருந்த 'புரொடெக்டர்' என்ற எரிகப்பல் ஆகிய மூன்றையும் காற்று புதுச்சேரிக்குத் தெற்கே தள்ளி, அரியாங்குப்பத்துக் கரைப் பக்கம் மணலில் ஏற்றிவிட்டது. கப்பல்கள் போயின, அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

லாலிக்கு இது தெய்வச் செயலாகத் தோன்றியது. பழவேற்காட்டில் இருந்த பிரெஞ்சுப் பிரதிநிதிக்கு, இந்தச் சந்தர்ப்பத்தில் எப்படியாவது அரிசி அனுப்பச் சொல்லி அவசரமாகக் கடிதம் எழுதினார். கடிதம் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. ஒரு வாரத்துக்குள் மிஞ்சிய கப்பல்களும், திருகோணமலையிலிருந்து வந்த கப்பல்களும் பழைய இடத்தில் வந்து நின்றுவிட்டன. ஜனவரி 12ஆம் தேதி ஆனந்த ரங்கம் பிள்ளை கண்ணை மூடினார். கால் நூற்றாண்டாக இந்த ஊரின் ஒவ்வொரு கப்பல் வரவையும் நாட்குறிப்பில் எழுதியவர். சொந்தமாக 'ஆனந்தப் புரவி' என்ற கப்பலும் வைத்திருந்தவர். நாலு நாள் கழித்து, 16ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலாக்காரர்கள் புகைப்படம் எடுக்கிற மஞ்சள் சுவர் வீதிகள் எல்லாம், 1763 உடன்படிக்கைப்படி 1765இல் பிரெஞ்சுக்காரரிடம் ஊர் திரும்பிய பிறகு எழுந்தவைதான்.

கதை இவ்வளவு. இனி வழக்குக்கு வருகிறேன்.

புயல் இரவைப் பற்றி எழுதிய ஆங்கிலச் சரித்திராசிரியர் ஆர்ம், மூழ்கிய மூன்று கப்பல்களிலும் செத்தவர்கள் ஆயிரத்து நூறு ஐரோப்பியர் என்று கணக்குக் கொடுக்கிறார். மறு நாள் உடைந்த பலகைகளைப் பற்றிக்கொண்டு மிதந்து உயிர் பிழைத்தவர்கள், ஏழு ஐரோப்பியர், ஏழு லஸ்கர்கள் என்கிறார். லஸ்கர் என்றால் கூலிக்குக் கப்பலேறிய நம் தேசத்து மாலுமி. நேயர்களே, இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழைத்தவர் கணக்கில் லஸ்கர் இருக்கிறான். செத்தவர் கணக்கில் அவன் இல்லை! ஏழு பேர் பிழைத்த இடத்தில் எத்தனை பேர் மூழ்கினார்கள்? ஐரோப்பியரை எண்ணிய விரல் அங்கே வந்ததும் மடங்கிக்கொண்டது.

அவர்களுடைய சரித்திராசிரியர் எண்ணவில்லை, சரி. அவருக்கு அவருடைய மனிதர்கள்மேல் அக்கறை. நம்முடைய எழுத்தாளர்களுக்கு என்ன வந்தது? ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இளவரசியின் காதணியை எண்ணத் தெரிந்த நமக்கு, இருநூற்றறுபது சொச்சம் வருஷத்துக்கு முந்திய கூலி மாலுமியை எண்ணத் தெரியவில்லையா? கற்பனை என்பது எதற்கு இருக்கிறது? சரித்திரம் எண்ணாமல் விட்டவனை எண்ணுவதற்கு அல்லவா?

"பெருமை தருகிற சரித்திரத்தை எழுதினால்தான் ஜனங்களுக்கு உற்சாகம் வரும்" என்று ஒரு வாதம் உண்டு. பதிப்பாளர்கள் அடிக்கடி சொல்லுகிற வாதம். இதற்கு ஸ்வீடன் தேசத்துக்காரர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள். 'வாசா' என்ற அறுபத்து நாலு பீரங்கிக் கப்பலை அவர்களுடைய ராஜா ஆடம்பரமாகக் கட்டினார். 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி அது முதல் பயணம் புறப்பட்டது. ஒரு மைல்கூடப் போகவில்லை. துறைமுகத்திலேயே, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, சாய்ந்து மூழ்கியது. ஒரு யுத்தம் பார்க்கவில்லை. ஒரு குண்டு சுடவில்லை. அதைவிட அவமானமான கப்பல் உலகத்தில் உண்டா? அந்த அவமானத்தை அவர்கள் 1961இல் கடலடியிலிருந்து முழுசாகத் தூக்கி, ரசாயனக் கரைசலைத் தெளித்துத் தெளித்து மரத்தைப் பக்குவப்படுத்தி, பெரிய காட்சிச்சாலை கட்டி வைத்திருக்கிறார்கள். உலகம் வரிசையில் நின்று பார்க்கிறது. தோற்ற கதையைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் ஜெயித்த கதையைச் சொல்லும் யோக்கியதை உண்டு.

பெருமைதான் வேண்டும் என்றால் அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பம்பாய்த் துறைமுகத்தில் பார்ஸிக் குடும்பமான வாடியாக்கள் மலபார்த் தேக்கில் கட்டிய கப்பல்கள் ஓக் கப்பல்களைவிட நீண்ட ஆயுள் உடையவை. ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய ஒரு கப்பல் 1817இல் நீரில் இறங்கியது. அதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலைதான்! இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் ஊரில் அது இன்றும் நீரில் மிதக்கிறது. நம் தேக்கு, நம் தச்சர், நம் ஊர்ப் பெயர். மார் தட்டிக்கொள்ளலாம். ஆனால் அதே கைகள் 1813இல் கட்டிய 'கார்ன்வாலிஸ்' கப்பலில்தான், 1842இல் அபினி யுத்தத்தில் தோற்ற சீனாவைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். மார் தட்டிய கையைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. போர்க்கப்பலின் சரித்திரத்தில் தனியாகப் பெருமையை மட்டும் பிரித்து எடுக்க முடியாது. அரிசியில் கல் பொறுக்குவது போன்ற காரியம் அல்ல அது.

இன்னொரு கட்சி இருக்கிறது. "உயிரோடு இருக்கிற மீனவனுக்கு டீசல் இல்லை, வலை இல்லை, செத்த கப்பலுக்கு என்ன கட்டுரை?" என்று கேட்கும் கட்சி. கேள்வியில் நியாயம் இருப்பதால் பதில் சொல்லுகிறேன். அந்தச் செத்த கப்பலின் கதையைச் சரியாகச் சொன்னால் அதில் நாயகனே அந்த மீனவன்தான்.

எப்படி என்றால், ஐம்பது பீரங்கிக் கப்பலுக்கு இந்தக் கரையில் இறங்கத் தெரியாது. கரையோரத்து அலை மடிப்பில் அவர்களுடைய படகு வந்தால் கவிழும், அல்லது பலகை விண்டுபோகும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த நம் சலங்குதான் அலைக்கு வளைந்து கொடுத்துக் கரை ஏறும். கடிதம் கொண்டுபோகக் கட்டுமரம். கவர்னரானாலும் சரி, அட்மிரலானாலும் சரி, சாராயப் பீப்பாயானாலும் சரி, சலங்குக்காரன் தோளில்லாமல் இந்த மண்ணைத் தொட்டதில்லை. சமுத்திரங்களைத் தாண்டி வந்த கப்பல், கடைசித் துண்டு தண்ணீரைத் தாண்ட இவனிடம் கை ஏந்தி நின்றது. உலகத்துப் பாஷைகள் எல்லாம் 'கட்டமரான்' என்று சொல்லக் கற்றுக்கொண்டது இந்தக் கரைகளில்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்தவன் இவன். டிசம்பர்க் கடைசியில் எந்தக் காற்று எதைச் செய்யும் என்று இவனுக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி, ஏறக்குறைய அதே நாளில், 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஏறியபோது, இருநூற்றைம்பது வருஷத்துப் பழைய பாடத்தைக் கடல் மறுபடி ஒப்பித்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தன் பங்குக்கு வந்து போயிற்று. கப்பல்களின் சரித்திரம் முடிந்துவிட்டது. இவனுடைய சரித்திரம் முடியவில்லை. அட்மிரல்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. இவனுடைய பாட்டன் பெயர் எதிலும் இல்லை.

மரத்தைப் போற்றத் தெரியாத ஊரா வீராம்பட்டினம்? செங்கழுநீர் அம்மன் கோயிலின் கதையைக் கேட்டுப் பாருங்கள். வலையில் ஒரு மரக்கட்டை வந்ததாம். மீனவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்புக்குப் பிளக்கக் கோடரி போட்டால் ரத்தம் பீறிட்டதாம். அந்தக் கட்டைதான் தெய்வம். ஆடி மாதத் தேரோட்டத்தில் பிரெஞ்சுக் கவர்னரே வந்து வடம் பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது. கடலிலிருந்து வந்த ஒரு கட்டையை ஆட்சியாளரே வந்து வணங்கும்படி நினைவில் வைத்திருக்கிற ஊர் இது. (தயவு செய்து அந்தக் கட்டைக்கும் 'நியூகாஸில்' கப்பலுக்கும் முடிச்சுப் போட்டு விடாதீர்கள். அந்த மாதிரிப் புரளியைக் கிளப்புவதற்கு நம்மிடம் ஆள் பஞ்சம் இல்லை என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.) நினைவில் வைக்கிற சக்தி கரையில் இருக்கிறது. எழுதி வைக்கிற பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. கரை தன் வேலையைச் செய்கிறது.

கூப்பிடு தூரத்தில் அரிக்கமேடு. 1945இல் வீலர் துரை தோண்டி, ரோமாபுரிச் சரக்குகளை எடுத்துக்காட்டிய இடம். அதைச் சொல்லச் சொன்னால் சொல்லுவோம். ரோமாபுரிக்காரன் நம்மிடம் மண்டியிட்டு மணி வாங்கினான் என்று அதிலும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுவோம். நமக்கு வேண்டியதைக் கொடுத்தால்தான் மண்ணுக்கே மரியாதை. பூம்புகாரில் என்ன நடந்தது? கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் மூழ்கிய பட்டினத்தைத் தேடி இறங்கிய அந்தக் கடலில், 1991இல் ஓர் உடைந்த கப்பல் கிடைத்தது. அதில் ஈயக் கட்டிகள். அவற்றில் 'ப்ளாக்கெட்' என்ற ஆங்கிலப் பெயரும், 1791, 1792 என்ற வருஷங்களும். சிலப்பதிகாரத்தைத் தேடிப் போனவர்களுக்கு ஐரோப்பியன் கப்பல் கிடைத்தது! நாம் கேட்டதைக் கடல் கொடுக்கவில்லை. தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது. விஞ்ஞானிகள் அதை மரியாதையாக அளந்து, படம் எடுத்து, எழுதி வைத்தார்கள். அந்தக் கப்பலைப் பற்றித் தமிழில் ஒரு சிறுகதையாவது படித்த ஞாபகம் உங்களுக்கு உண்டா?

இவ்வளவு சண்டை போட்டாயே, என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். கப்பலைத் தோண்டி எடுத்துக் காட்சிச்சாலை கட்டச் சொல்லவில்லை. போர்ட்ஸ்மத்தில் 'விக்டரி'யை வைத்துக் காப்பாற்ற அவர்கள் கொட்டுகிற பணம் நம்மிடம் இல்லை. 1980களில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத் தடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்கே கரை அரிந்து, தெற்கே வீராம்பட்டினத்துப் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறது. கப்பலில் எது மிச்சமோ அது இன்னும் கீழே போயிருக்கும். கிடக்கட்டும்.

வேண்டியது ஒரு கல். வீராம்பட்டினத்துக் கரையில், தமிழில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை படிக்கும்படி பெரிய எழுத்தில். 1761 ஜனவரி 1 என்ற தேதி. உடைந்த மூன்று கப்பல்களின் பெயர், மூழ்கிய மூன்று கப்பல்களின் பெயர். ஆயிரத்து நூறு ஐரோப்பியர் என்ற கணக்கு. அதற்குக் கீழே, எண்ணாமல் விட்ட லஸ்கர்கள். அதற்கும் கீழே, இரண்டு துப்பாக்கிக்கு நடுவே எட்டு நாள் புல் வேர் தின்ற ஆயிரத்து நானூறு பேர். இதற்கு ஆகிற செலவு, ஒரு மந்திரிக்கு வரவேற்பு வளைவு வைக்கிற செலவைவிடக் குறைவு. புதுச்சேரி ஸர்க்கார் நினைத்தால் ஒரு மாதத்து வேலை.

கல் ஸர்க்கார் காரியம். கதை நம் காரியம். தொடர்கதை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கப்பலில் இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். படைத்தலைவன் இருக்கிறான், ஒற்றன் இருக்கிறான், யவன மாலுமி இருக்கிறான், இளவரசியின் தோழிமார் வேறு. இருந்தாலும் உடைந்த பலகையைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் மிதந்து வருகிறார்கள். எந்தக் கரையில் பிறந்தார்களோ, எந்தக் கூலிக்கு வந்தார்களோ. பெயர் கேட்டு எழுதிக்கொண்டவர் ஒருவரும் இல்லை. அவர்களில் ஒருவனையாவது கை கொடுத்து மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். இளவரசி அடுத்த கப்பலில் வரட்டும்.